எடுத்த தட்டு

12 அக்டோபர் 2005, புதன்

காலையிலிருந்து தூறல். பெட்ஷீட் ஒண்ணும் காயல. இன்னைக்கு மதியம் ஒரு அச்சாபீஸ் முதலாளி வீட்டுக் கல்யாண நாள் சாப்பாடு, நம்ம முதியோர் இல்லத்துல எல்லாருக்கும். வடை, பாயாசம். ஹால் சின்னது, அதனால ரெண்டு பந்தி. முதல் பந்தியில சங்கரலிங்கம்தான் கடைசி, வழக்கம்போல. பட்டாசுக் கம்பெனியில வெந்து வலது கை விரலெல்லாம் ஒட்டிப்போனவர். "முடிச்சாச்சா அய்யா?"ன்னேன். தலையாட்டினார். தட்டை எடுத்துட்டேன். ரெண்டாம் பந்தி நேரத்துக்கு உக்காந்தது.

வாங்கணும்: ரவை, ஃபினாயில், இஸ்மாயில் பாய்க்குக் கண் மருந்து.

15, சனி

வெயில். துணி காஞ்சது. சங்கரலிங்கத்துக்கு வேட்டி இடுப்புல நிக்கல, கயிறு கட்டியிருக்கார். இருமல் வேற. வயசுதான். சுக்குத்தண்ணி குடுத்தேன்.

18, செவ்வாய்

அவருக்குக் காய்ச்சல், மூச்சிரைப்பு. ஆட்டோ பிடிச்சு ஜி.ஹெச். நிமோனியாவாம். டாக்டரம்மா அவர் விலாவைத் தொட்டுப் பாத்துட்டு, "இவரு ஒழுங்கா சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு?"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு கோபம். "மூணு வேளையும் போடுறோம்மா."

"உடம்புல சத்தே இல்ல. நான் மருந்து குடுக்கலாம். கிருமிய எதுத்து நிக்க அவருக்குத் தெம்பு வேணும்ல?"

சாயங்காலம் இல்லத்துச் செயலாளர் போன். என்ன ஆச்சுன்னார். "வயசாயிருச்சுல்ல சார்"னு சொன்னேன்.

19, புதன்

மனசு கேக்கல. அவர் பக்கத்துல உக்காந்து சாப்பிடுற இஸ்மாயில் பாய்கிட்டக் கேட்டேன். முன்னாடி திருத்தங்கல்ல துணிக்கடை வச்சிருந்தவர், அளந்துதான் பேசுவார்.

"அவருக்கு அந்தக் கையால சோத்தப் பெசஞ்சு எடுக்கவே நேரமாகும்மா. பாதி சாப்பிடுறதுக்குள்ள நீங்க தட்ட எடுத்துருவீக."

"முடிச்சாச்சான்னு கேட்டுத்தான எடுக்கேன்?"

"நீங்க குனிஞ்சு நிக்கீக. வாசல்ல அடுத்த பந்தி நிக்கி. இல்லன்னு எப்படிச் சொல்லுவார்?"

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல பாய்."

"நானும் இங்கன இருக்க வேண்டியவன்தானம்மா."

அப்புறம் சமையல்கட்டுல போய் நின்னேன். எதுக்குப் போனேன்னு தெரியல. மிச்சம் விழுற சோத்தை நானேதான் தொட்டியில கொட்டுறேன். ஒரு தடவைகூட இது யார் தட்டுன்னு பாக்கல.

21, வெள்ளி

கஞ்சி காய்ச்சி ஜி.ஹெச். கொண்டு போனேன். ஸ்பூன்ல குடுத்தேன். வாயில வச்சதும் மடக்குமடக்குன்னு விழுங்குறார். புரையேறிடுச்சு. "மெதுவா அய்யா, மெதுவா."

என் முகத்தையே பாத்தார். "உங்களுக்கு நேரமாகலையா?"ன்னார்.

 தூக்கு மூடியைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

24, திங்கள்

விடியக்காலையில போயிட்டார். அவரோட அக்கா மகன் ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேன் கொண்டு வந்து எடுத்துட்டுப் போனார்.

செயலாளருக்கு நானே போன் பண்ணி, பாதியில தட்டை எடுத்தது முதக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். அப்புறம், "தீபாவளிக்கு டோனர்ஸ் எல்லாம் வருவாங்க. இத வெளிய பேச வேண்டாம்மா."

"சரி சார்."

அந்தச் சரி இன்னும் நாக்குல கசக்குது.

27, வியாழன்

மழை. இப்பல்லாம் தட்டை நான் எடுக்கிறதில்ல, அவங்கவங்க எந்திரிச்ச பிறகுதான். ரெண்டாம் பந்தி ரொம்ப நேரம் நிக்கிறாங்க, முணுமுணுப்பு. நிக்கட்டும்.

அவரோட டிரங்குப் பெட்டியை எடுக்க அக்கா மகன் வந்தார். பட்டாசு சீசன் நேரம், கம்பெனியில அரை நாள் கேட்டு வந்திருக்கார். கை எடுத்துக் கும்பிட்டார். "மாமாவக் கடைசி வரைக்கும் நல்லாப் பாத்துக்கிட்டீக. எங்களால ஆகல."

நானும் கும்பிட்டேன். கும்பிட்டுட்டு உள்ள வந்துட்டேன். உக்கார முடியல. குடைகூட எடுக்காம பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

"தம்பி, உங்க மாமா இங்க வயிறு நிறையச் சாப்பிடல. பாதியில தட்ட எடுத்தது நான்தான்."

பெட்டியைக் கீழ வச்சார். திட்டுவார்னு நின்னேன். அவர் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தார். சிவகாசி பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறிட்டார்.