ஒரு ஜன்னல் மட்டும் மங்கல்

பெப்ரவரி 3, 2025, திங்கள்

இன்று ஏழு வாடிக்கையாளர்கள். ஏழு பேருமே மங்கலாகத் தெரிகிறது என்றார்கள்.

இன்னும் கட்டி முடிக்காத தொடர்மாடி வீடுகளைக் கண்முன் காட்டும், முகத்தில் மாட்டும் இந்த ஹெட்செட் எங்கள் வெள்ளவத்தை அலுவலகத்துக்கு வந்து ஒரு மாதமாகிறது. முன்பெல்லாம் வரைபடத்தை மேசையில் விரித்து விரலால் காட்டுவேன். விரல் மங்கல் என்று ஒருவரும் குறை சொன்னதில்லை.

பின்னேரம் முகாமையாளர் ரிஷாத் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். “மேனகா அக்கா, விக்கிற வேலைய மத்தவங்க பாக்கட்டும். நீங்க இந்த ப்ளர் பிரச்சினைய மட்டும் பாருங்க.”

பத்தொன்பது வருடம் வீடு விற்றேன். இன்று முதல் கண்ணாடி துடைக்கிறேன். இதற்கு என்ன பதவிப் பெயர் என்று கேட்க மறந்துவிட்டேன்.

பெப்ரவரி 5, புதன்

படித்துத் தெரிந்துகொண்டவை. ஹெட்செட்டை முகத்தில் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே நகர்த்தினால் எங்கோ ஓரிடத்தில் தெளிகிறது. இரண்டு கண்களுக்கும் உள்ள இடைவெளி ஆளுக்கு ஆள் வேறு. அதற்கென்று கீழே திருப்புவதற்கு ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. கண்ணாடி போட்டவர்களுக்கு நடுவில் ஒரு வளையம் வைக்க வேண்டும். ஏ.சி. குளிரில் கிடந்ததை வியர்த்த முகத்தில் மாட்டினால் லென்ஸில் ஆவி படியும்.

ஒரு மாதமாக இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனாலும் நான்கு வீடுகள் விற்றிருக்கின்றன. அந்த நான்கு குடும்பமும் எதைப் பார்த்து வாங்கின?

பெப்ரவரி 7, வெள்ளி

கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மாவின் திருநீறு லென்ஸ் முழுக்க. அடுத்து வந்தவரின் கொண்டை தலைப்பட்டியைத் தூக்கியதில் ஹெட்செட் மூக்கில் வந்து நின்றது. ஸ்கார்ஃப் கட்டியவர்களுக்குப் பட்டி வழுக்குகிறது. எல்லாச் சமயத்தாருக்கும் ஒரே அளவு மங்கல்.

மாலைக்குள் ஆறு பேருக்குத் தெளிவாகக் காட்டினேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கம்தான்.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஒரு விஷயம் புரியவில்லை. பதினோராம் மாடி, பெரிய படுக்கையறை, இடப்பக்க ஜன்னல். எல்லாம் சரிசெய்த பிறகும் அந்த ஜன்னலுக்கு வெளியே மட்டும் புகை மாதிரி. அலுவலகத்திலுள்ள இரண்டு ஹெட்செட்டிலும் அப்படியே. மூன்று தரம் துடைத்தேன்.

பெப்ரவரி 15, சனி

நளீபா என்ற அம்மா இன்று கணவர் மஜீடைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கள் கொட்டாஞ்சேனை ஆட்கள்தான். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. மஜீட் முப்பத்திநாலு வருடம் துறைமுகத்தில் பைலட்டாக இருந்தவர். வெளியிலிருந்து வரும் கப்பலில் ஏறி அதை உள்ளே கொண்டுவந்து விடும் வேலை. போன வருடம் பாரிசவாதம். வலக்கை எழாது. மேல்மாடி வீட்டில் படி ஏற முடியாமல் போய், வீட்டை விற்றுவிட்டார்கள்.

“லிப்ட் ஈக்கணும், கட்டில்ல படுத்துக்கிட்டே கப்பல் பாக்க ஏலணும். வேற ஒண்டும் வேணாம் மகள்” என்றார் நளீபா. “நோன்புக்கு முந்தி முடிச்சிரணும்.”

பதினோராம் மாடி வீட்டைப் போட்டு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். மஜீட் நெடுநேரம் பார்த்தார். அந்த ஜன்னலுக்கு வந்ததும் தலை நின்றுவிட்டது. “மெஷின்ல சின்னப் பிழை சேர்” என்று கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினேன்.

“இது கண்ணாடில உள்ள மங்கல் இல்ல மகள்” என்றார். நாக்கு இழுப்பதால் ஒவ்வொரு சொல்லாக வந்தது. “கட்டில்ட பூ வேலை கூடத் தெரியுது. மூடுபனி ஒரு ஜன்னலுக்கு மட்டும் வராது.”

சிரித்துச் சமாளித்தேன்.

பெப்ரவரி 17, திங்கள்

ஹெட்செட்டுக்குப் படங்களைச் செய்த சாமினியைக் கேட்டேன். மேல்மாடியில் இருக்கும் பிள்ளை, இருபத்தாறு வயது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“ஓம் அக்கா, அது நான்தான் மங்கலாக்கினனான். பக்கத்துக் காணியில பதினாறு மாடி வரப்போகுது. சரியா அந்த ஜன்னலுக்கு நேர. அதைப் போட வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். கடலைப் போட்டாப் பொய். அதான் ஒண்டும் போடாமல் விட்டனான்.”

“நான் ரெண்டு கிழமையாத் துடைக்கிறன் பிள்ளை.”

“அக்கா துடைக்கிறதைப் பாத்தனான். சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான்.” அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

பெப்ரவரி 18, செவ்வாய்

ரிஷாத்திடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“அக்கா, நாங்க பொய் செல்லல்ல. காட்டல்ல, அவ்வளவுதான். யாராவது கேட்டா ஹெட்செட் பழசு என்டு செல்லுங்க.”

“வந்து ஒண்டரை மாசம்தானே ஆகுது.”

“அது அவங்களுக்குத் தெரியாதே.”

ஆகவே என் வேலை இதுதான்: தெளியக்கூடாத ஒன்றை நாள் முழுக்கத் துடைப்பது. துடைக்கத் துடைக்க வாடிக்கையாளருக்கு எங்கள் மேல் நம்பிக்கை கூடுமாம்.

பெப்ரவரி 19, புதன்

வீட்டில் கணவர் கஜேந்திரனிடம் சொன்னேன். அவர் வேலை செய்த கப்பல் முகவர் கம்பெனி நவம்பரில் மூடியதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறார். சமையலும் அவர்தான். சொதியைக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

“சொன்னா வேலை போகுமா?”

“போகும் போல.”

“போனா ரெண்டு பேரும் சேர்ந்து டீவி பாப்பம்.”

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சொதிக்கு இரண்டாம் தரமும் உப்புப் போட்டார். இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

பெப்ரவரி 21, வெள்ளி

நாளை நளீபா கையெழுத்து வைக்க வருகிறார். ஏன் எனக்கு இந்தப் பாடு? அந்த மனுசனுக்குப் படுக்கையில கிடந்து பாக்க அந்த ஒரு ஜன்னல்தானே — அதைத் தானே நான் துடைச்சுத் துடைச்சு வித்துக்கொண்டிருக்கிறன்.

பெப்ரவரி 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்கு வந்தார்கள். படிவம் எடுக்க ரிஷாத் மேலே போனார். “இவருக்கு அந்த ஜன்னல இன்னொருக்கா பாக்கணுமாம் மகள், மெஷின் சரியாகிட்டா?” என்றார் நளீபா. கை பழக்கத்தில் துணியை எடுத்துவிட்டது. அந்த நேரம் மஜீட் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்; லென்ஸை அல்ல.

துணியை வைத்தேன். “கொஞ்சம் வெளியில வருவமா” என்று நாற்காலியை நானே தள்ளினேன். குறுக்குத் தெருவால் கடலோர மரைன் டிரைவ் வரைக்கும் போனோம். எங்கள் கட்டடம் எழும்பும் இடத்துக்குப் பக்கத்தில் தகர வேலி அடைத்த வெறும் காணியைக் காட்டினேன்.

“இதுக்குள்ள பதினாறு மாடி வரப்போகுது. உங்கட ஜன்னலுக்கு நேர. மெஷின்ல பிழை இல்ல. வேணுமெண்டுதான் மங்கலா வச்சிருக்கு.”

நளீபா தகர வேலிக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்.

“போன கிழமை தெரியுமா உங்களுக்கு?”

“அண்டைக்குத் தெரியாது. திங்கட்கிழமை தெரியும்.”

“திங்கட்கிழமையே ஏன் போன்ல கோல் எடுக்கல்ல?”

“பயத்தில.”

“எங்களுக்கும் பயம் ஈக்குது மகள். வீட்ட வித்துட்டு நிக்கிறம்.” அவ்வளவுதான் சொன்னார். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நாற்காலியை என் கையிலிருந்து வாங்கித் தானே தள்ளிக்கொண்டு போனார். மஜீட் மட்டும் இடக்கையைத் தூக்கினார். போய்வருகிறேன் என்றா, போதும் என்றா — தெரியவில்லை.

தனியே திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். படிவத்தோடு நின்ற ரிஷாத் கத்தவில்லை. “என்ட வேலையையும் சேத்துத்தான் கொண்டு போய்ட்டீங்க அக்கா” என்றார். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

வேலை போகவில்லை. மட்டக்குளித் தொடர்மாடிக்கு மாற்றம். தண்டனை என்று எல்லோரும் இரக்கப்பட்டார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். வெள்ளவத்தைக்கு ஒன்றரை மணித்தியாலம் நசுங்கிப் போனபோது ஒருவரும் இரக்கப்படவில்லை.

மார்ச் 8, சனி

சாமினி கோல் எடுத்தாள். நளீபா மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாராம். படத்தில் இப்போது பதினாறு மாடியையும் போட்டாயிற்று; ஜன்னல் வெகு தெளிவு. அதைப் பார்த்த வாடிக்கையாளர் ஒருவர், “என்ன க்ளியர்” என்று பாராட்டி வீட்டை வாங்கிவிட்டாராம். ரிஷாத் இன்னும் அதே முகாமையாளர் கதிரையில்தான்.

மார்ச் 12, புதன்

இங்கே ஹெட்செட் இல்லை. மூன்று மாடி எழும்பி நிற்கிறது. வருபவர்களை நானே படியேற்றிக் காட்டுகிறேன். முழங்கால் வலி.

மார்ச் 24, திங்கள்

நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது தெரியாத இலக்கத்திலிருந்து கோல். நளீபா. ஒரு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பை ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை.

“அதெல்லாம் இப்ப வேணாம் மகள். ஹெவ்லொக் டவுன்ல வாடகைக்கு ஒரு கீழ்வீடு எடுத்தாச்சி. ஜன்னலத் தொறந்தா மதில்தான். பேத்தி நுஹா மெல்பர்ன்ல இருந்து இவருக்கு அந்த மெஷின் ஒண்டு அனுப்பீக்கி, கடலெல்லாம் தெரியுமாம். ஒரே புகை. என்ன செய்யணும், செல்லுங்க.”

நான் படியில் உட்கார்ந்தேன். லென்ஸில் கைபட்டதா என்று கேட்டேன். காய்ந்த துணியால் உள்ளிருந்து வெளியே வட்டமாகத் துடைக்கச் சொன்னேன். பின்பட்டியைப் பிடரிக்கு இறக்கி, முன்பக்கத்தை மெல்ல மேலே, இன்னும் கொஞ்சம் மேலே. கீழே சில்லு இருக்கும், மெதுவாகத் திருப்புங்கள், அவரையே நிறுத்தச் சொல்லவிடுங்கள்.

போனில் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு தூரத்தில் மஜீடின் குரல், ஒவ்வொரு சொல்லாக, கோபமாக.

“என்ன சொல்றார்? தெரியல்லையாமா?” என்று கேட்டேன்.

“கப்பல் பிழையான பக்கத்தால உள்ளுக்கு வருதாம். எந்த மடையன் பைலட் என்டு கேக்குறார்” என்றார் நளீபா. கொஞ்சம் பொறுத்து, “நல்லாத்தான் தெரியுது மகள். வைக்கிறன், பாங்கு சொல்லப் போகுது.”