பூட்டிய புத்தக அலமாரி

அப்பாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி, அம்மாவின் இருமல் எப்படி இருக்கின்றன? எனக்கு ஒரு குறையுமில்லை.

முதலாளியம்மாவின் புத்தக அலமாரியைத் துடைக்கும்போதுதான் இந்த நாட்டையே பார்க்கிறேன். சுற்றுலாப் புத்தகத்தில் ஊரே சிரிக்கிறது. துப்பறியும் நாவலில் வேலைக்காரிமேல்தான் முதல் சந்தேகம். சட்டப் புத்தகத்திலோ வேலைக்காரிக்கு வாரம் ஒருநாள் விடுமுறை என்று போட்டிருக்கிறது.

அந்த விடுமுறையைக் கேட்டேன். "உன்னைத் துடைக்கத்தான் சொன்னேன், படிக்கச் சொல்லல" என்றாள் மகராசி. மறுநாளே அலமாரிக்குப் பூட்டு. சமையல் புத்தகம் மட்டும் வெளியே கிடக்கிறது. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். சட்டப் புத்தகத்தில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. தம்பியை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். இங்கே என்னைக் கூப்பிடுவது அழைப்பு மணி மட்டும்தான். அதோ, மணியை அடிக்கிறாள்.

சாவியை எங்கோ ஒளித்திருக்கிறாள். எங்கே ஒளித்தாலும், அந்த இடத்தைத் துடைப்பவள் நான்தானே.

உங்கள் மகள்