நிலாவா, நீலாவா

அம்மா,

பாப்பாவின் வயிற்றில் தடவிய தைலம் என் விரல்களில் மணக்கிறது. வாயு என்று சொல்லி, அவள் உள்ளே இருந்தபோது நீ உன் வயிற்றில் தடவிக்கொண்டாயே, அதே புட்டிதான். சோப்புப் போட்டுக் கழுவினேன். போகவில்லை.

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை நம் அறையில் பாப்பாவோடு தூங்குகிறார். பார்த்தால் விடமாட்டார். செத்தவர்களுக்கு எழுதினால் வந்து நிற்பார்களாம். வந்தால் நல்லதுதான்.

ஏழாவது மாதத்தில் வளையல் வாங்க நாம் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். நம் ஊர் கிள்ளானுக்குத் திரும்பும்போது ரயிலில் ஒரே குளிர். கண்ணாடி ஜன்னலில் ஊதி, அந்த ஆவியில் விரலால் ஆங்கிலத்தில் என், ஐ, எல், ஏ என்று எழுதினாய்.

"வாசி."

"நிலா."

"தப்பு. நீலா."

"நிலாதான்மா."

"சரி, ஒனக்கு நிலா. ஒங்கப்பாவுக்கு நீலா. நாளைக்கு ஸ்கூல்ல டீச்சர் எப்படி வாசிக்கிறாங்களோ, அவங்களுக்கு அது. யாரு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாத்துடுவா."

பக்கத்தில் இருந்த மலாய் அக்கா எட்டிப் பார்த்து, மலாயில் நீலா என்றால் கருநீலம், அழகான பெயர் என்றார். உனக்கு ஒரே பெருமை. இரண்டில் எது என்று நான் விடாமல் கேட்டேன். "மொகத்தப் பாத்துட்டுச் சொல்றேன். செவப்பா பொறந்தா நிலா, ஒன்ன மாதிரி பொறந்தா நீலா" என்றாய். கிள்ளான் வரும்வரை நான் உன்னோடு பேசவில்லை.

கீழ்வீட்டுச் சீன ஆன்டிக்கு அந்தப் பெயரைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் மொழியில் "நி" என்றால் நீ. இங்கே எல்லாரும் பேச்சின் முடிவில் சும்மா ஒட்டுகிற லாவைச் சேர்த்து "நி லா" என்றால், "நீதான்" என்று ஆளைக் காட்டுகிற மாதிரி இருக்குமாம். "எங்க தமிழ்லயும் அதேதான் ஆன்டி. நீ லா" என்று நீ அவரைக் கை காட்டினாய். அவர் உன்னைக் காட்டினார். அதன்பிறகு படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் இருவருக்கும் அதுதான் வணக்கம். இப்போது ஆன்டி என்னைப் பார்த்தால் என் பையில் பழத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்.

பாப்பா பிறந்தபோது சிவப்பா கறுப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முகமெல்லாம் சுருக்கம். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய், எந்தப் பெயர் என்று மட்டும் சொல்லவில்லை. சாயங்காலம் ரத்தம் நிற்கவில்லை என்று உன்னை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரியோடு வரிசையில் நின்றார். நான் மட்டும்தான் கட்டிலோடு ஓடினேன். பிராணவாயு முகமூடிக்குள்ளிருந்து நீ என்னைப் பார்த்து ஏதோ சொன்னாய். சக்கரச் சத்தத்தில் எனக்குக் கடைசி எழுத்துதான் கேட்டது.

லா.

பெயரைச் சொன்னாயா? இல்லை, "வீட்டுக்குப் போ லா", "அழாத லா" என்று எப்போதும்போல் ஏதாவது சொன்னாயா? ஸ்கூலில், பஸ்ஸில், எங்கே இருந்தாலும் இதேதான் ஓடுகிறது. உன் குரலில் எல்லாவற்றையும் சொல்லிப் பார்க்கிறேன். எல்லாமே நீ சொன்ன மாதிரிதான் இருக்கிறது.

காரியம் முடிந்ததிலிருந்து அத்தை நம் வீட்டில்தான் இருக்கிறார். பாப்பாவைச் செலாயாங்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கப் போகிறாராம். "லோரி ஓட்டுறவன் கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு என்னடா பண்ணுவ?" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் இன்னும் பாப்பாவைப் பெயர் சொல்லி ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

இன்றைக்குச் சாப்பிடும்போது அத்தை சொன்னார்: "நீலம் சனியோட கல்லு. எல்லாருக்கும் ஒத்துவராது. வயித்துல இருக்கும்போதே நீலா நீலான்னு கூப்பிட்டு என்னா ஆச்சு, பாத்தியா?"

அப்பா என்னைப் பார்த்தார். "நீதான பக்கத்துல இருந்த. அம்மா என்னாதான்மா சொன்னா?"

"நிலான்னு சொன்னாங்க" என்றேன். சனிக்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லையே, அத்தை விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"நிலாவா? இங்கிலீஷ்ல எழுது பாப்போம். என், ஐ, எல், ஏ. கவர்மெண்ட் ஆபீஸ்ல எப்படிப் படிப்பான்? நீலான்னுதான படிப்பான். நாம வீட்டுல என்னா வேணாலும் சொல்லிக்கலாம், ஊரு கூப்பிடப்போறது அதைத்தான்."

இன்னொரு எல் சேர்க்கலாம், ஏ சேர்க்கலாம் என்று மனதிற்குள் எழுத்தைக் கூட்டிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் யாராவது ஒருவர் மாற்றி வாசிப்பார். உனக்கு ரயிலில் பிடித்துப்போனது அதுதான். அதையே வைத்து அத்தை ஜெயித்துவிட்டார்.

அப்பா தட்டில் கையைக் கழுவினார். "அக்கா சொல்ற மாதிரியே செஞ்சிடலாம்" என்றார்.

அத்தை பார்த்துவைத்த பெயர் பிரித்திகாவாம். காலையில் பதிவு அலுவலகத்திற்குப் போய் அந்தப் பெயரை எழுதிவிட்டு, அங்கிருந்து அப்படியே செலாயாங் போகிறார்கள். நான் ஸ்கூலுக்குப் போகவேண்டுமாம். இங்கே நின்றால் அழுது அபசகுனம் பண்ணுவேனாம்.

பயமாக இருக்கிறதம்மா. அவள் வளர்ந்து செலாயாங்கில் ஒரு வாசலில் விளையாடிக்கொண்டிருப்பாள். நான் போய் நிலா என்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள், நீலா என்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். இந்த அக்கா யாரைக் கூப்பிடுகிறாள் என்று சும்மா பார்ப்பாள்.

பஸ் வருவதற்குள் அவளை ஒருமுறை தூக்கக் கேட்பேன். பிரித்திகா என் வாயில் வராது. மற்ற இரண்டையும் அத்தை முன்னால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அதனால் அவள் காதில் லா என்று மட்டும் சொல்லப்போகிறேன். அத்தை கேட்டாலும் பேச்சில் சும்மா வருகிற லா என்றுதான் நினைப்பார். நீ சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது அது ஒன்றுதான்.