ராதோஸ்லாவ் விதானோவின் ஏழு அடையாளங்கள்

பிப்ரவரி 12

‘பாதுகாப்பான, நம்பகமான இணையக் கேசினோவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?’ இன்று பதினோராவது தடவை எழுதினேன். தலைப்பில் ஒரு சொல்லை மாற்றினால் புதுக் கட்டுரை. ரூசே நகரத்தில் டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு காப்பி மெஷின், நான், முதலாளி ஸ்விலென். இதற்குப் பெயர் ‘ஐரோப்பிய சூதாட்ட ஆய்வு மையம்’. ஸ்விலெனுக்கு இருபத்தொன்பது வயது. பிப்ரவரிக் குளிரில் சாக்ஸ் இல்லாமல் வருவான், அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டு.

எழுதுவது நான். கையெழுத்து ராதோஸ்லாவ் விதானோவ். நரைத்த தாடி, கனிவான கண், இருபது வருட அனுபவம். படத்தைப் பன்னிரண்டு யூரோவுக்கு வாங்கினோம், அனுபவத்தை நான் இலவசமாகக் கொடுத்தேன். நாற்பத்தொரு வயதுப் பெண் சொன்னால் எவன் கேட்பான்? தாடி சொன்னால் கேட்கிறான்கள், முட்டாள்கள்.

ராதோஸ்லாவின் ஏழு அடையாளங்கள் எல்லாம் உண்மை, அதுதான் வேடிக்கை. உரிமம் கொடுத்த அரசு அலுவலகத்தின் பட்டியலில் நீங்களே போய்த் தேடிப் பாருங்கள். போனஸுக்கு என்ன நிபந்தனை என்று படியுங்கள். அடையாளச் சான்றைப் பணம் போடும்போதே கேட்கிறார்களா, எடுக்கும்போதுதான் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். எல்லாம் சரியான அறிவுரை. அதற்குக் கீழே வருகிற ‘எங்கள் தேர்வு’ பட்டியல்தான் குப்பை. எவன் அதிகம் கமிஷன் தருகிறானோ அவன் முதலிடம். மேலே உண்மையைத் தடவினால்தான் கீழே பொய் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அப்பா வீட்டில் சாப்பாடு. பீன்ஸ் சூப், அவரே போட்ட மிளகாய் ஊறுகாய். சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார்: “ராதோஸ்லாவ் விதானோவ்னு ஒரு மனுஷர் எழுதறார்மா. என்ன பொறுமை! ஒண்ணொண்ணா சொல்றார்.”

சூப் மூக்கில் ஏறிவிட்டது.

நான் வாஷிங் மெஷின் விளம்பரம் மொழிபெயர்ப்பதாக அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஐந்து வருடமாக. கட்டம் போட்ட நோட்டை எடுத்து வந்து காட்டினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியபோது பதிவேடு எழுதுவாரே, அதே கையெழுத்து. ஏழு அடையாளங்களும் வரிசையாக, பக்கத்தில் டிக் போடக் கட்டம் வேறு.

“உங்களுக்கு எதுக்குப்பா கேசினோ?”

“சும்மாதான். பொழுது போகணும்ல.”

“கிரேன் ஓட்டின மூளைக்கு இதெல்லாம் ஏறாது. எவனாவது தலையில மிளகாய் அரைச்சுட்டுப் போவான்.”

ரொட்டியை வெட்டினார். தேவைக்கு மேல் வெட்டினார்.

பிப்ரவரி 20

‘கருங்கடல் முத்து’ என்கிற புதுக் கேசினோக் கடைக்கு இனி முதலிடம். ஒரு ஆளைப் பிடித்துக் கொடுத்தால் இருநூறு லெவா கமிஷனாம். கீழே போட்டிருக்கும் உரிம எண்ணைத் தேடிப் பார்த்தேன், எந்தப் பட்டியலிலும் இல்லை. சான்று கேட்பது பணம் எடுக்கும்போது மட்டும். ராதோஸ்லாவின் ஏழில் மூன்று தேறும்.

“ஏழுக்கு ஏழுன்னு போடுங்க” என்றான் ஸ்விலென்.

போட்டேன். பதினாலு நிமிடம் ஆயிற்று, காப்பி குடித்த நேரமும் சேர்த்து.

மார்ச் 1

அப்பா என் மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் கட்டினார். மார்ச் முதல் நாள் வழக்கம், முதல் நாரையைப் பார்க்கிறவரை கழற்றக்கூடாது. அம்மா இருந்தபோது அவள் கட்டுவாள். முடிச்சைப் போட்டுக்கொண்டே சொன்னார், கராஜை விற்றுவிட்டாராம், கீழ்வீட்டுப் பல் டாக்டருக்கு. “பணத்தை பேங்க்ல போட்டு வெப்பேன்.” போகட்டும், பழைய டயரும் ஊறுகாய் ஜாடியும்தானே இருந்தது.

மார்ச் 6

ராதோஸ்லாவின் மின்னஞ்சல்பெட்டியில் நாற்பத்தொரு கடிதம். நாற்பது வழக்கமான அழுகைகள். நாற்பத்தொன்றாவது:

“மதிப்பிற்குரிய ராதோஸ்லாவ் ஐயா. என் பெயர் தோஞ்சோ பெனெவ், ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டுநர், ரூசே. நீங்கள் சொன்ன ஏழு அடையாளங்களையும் ‘கருங்கடல் முத்து’வில் இரண்டு நாள் தேடினேன். மூன்றுதான் கிடைத்தது. நீங்கள் ஏழுக்கு ஏழு கொடுத்திருக்கிறீர்கள். என் கண்ணுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணி, கராஜ் விற்ற பணத்தில் பாதியைப் போட்டிருக்கிறேன்.”

சரியாகப் பார்த்திருக்கிறார். மூன்று. நானும் மூன்றுதான் எண்ணினேன். எவனும் பார்க்கமாட்டான், நேராகக் கீழே போய் பட்டனை அமுக்குவான்கள் என்றுதானே எழுதினேன்? ஒரே ஒரு மனிதர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தன் கண்ணை நம்பாமல் என் தாடியை நம்பியிருக்கிறார்.

மார்ச் 7

பதில் எழுதவில்லை. என்னவென்று எழுத?

மார்ச் 10, ஞாயிறு

போய்க் கத்தினேன். பணத்தைப் போட்டது எனக்குத் தெரியும் என்று சொல்ல முடியாது, அதனால் பொதுவாகக் கத்தினேன். “அந்த ராதோஸ்லாவ் ஒரு ஃபிராடுப்பா! தாடியப் பாத்து ஏமாறாதீங்க!”

“உனக்கு அவரத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்ப ஏன் இந்தக் குதி குதிக்கிறே? உனக்கு ஒருத்தரயும் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரனப் பிடிக்காது, மேயரப் பிடிக்காது. அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணார்?”

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். என்ன சாதித்தேன்?

மார்ச் 12

ராதோஸ்லாவாகப் பதில் எழுதினேன். மூன்று மணி நேரம். பதினாலு நிமிடத்தில் ஒருவரைக் கவிழ்க்கத் தெரிந்தவளுக்கு நிமிர்த்த மூன்று மணி நேரம்.

“மதிப்பிற்குரிய தோஞ்சோ ஐயா, உங்கள் கண்ணில் குறை இல்லை. மூன்றுதான் சரி. பிழை என்னுடையது, மன்னியுங்கள். இனி ஒரு லெவாகூடப் போடாதீர்கள். போட்டதை உடனே எடுக்கப் பாருங்கள். என்ன நடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.”

‘மன்னியுங்கள்’ என்று அப்பாவிடம் கடைசியாக எப்போது சொன்னேன்? நினைவில்லை.

மார்ச் 15

“ராதோஸ்லாவ் ஐயா, பிழையை ஒப்புக்கொள்கிற மனிதரைப் பார்த்து நெடுநாளாயிற்று. எடுக்கப் பார்த்தேன். பாஸ்போர்ட் கேட்டார்கள், அனுப்பினேன். பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்த படம் கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு மின்சார ரசீது. அது என் மனைவி பெயரில் இருக்கிறது, செல்லாது என்கிறார்கள். அவள் போய் ஆறு வருடம். மாதாமாதம் அவள் பெயருக்கு ஒரு காகிதமாவது வருகிறதே என்று மாற்றாமல் விட்டுவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு ஒரு மகள். கெட்டிக்காரி, இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் கேட்க முடியவில்லை. துறைமுகத்தில் மேஸ்திரி எங்களிடம் பேசுவதுபோலத்தான் அவள் என்னிடம் பேசுவாள். அவளிடம் முட்டாளாக நிற்பதைவிட முன்பின் தெரியாத உங்களிடம் நிற்பது சுலபமாக இருக்கிறது.”

மார்ச் 16

மேஸ்திரி.

மார்ச் 19

ஸ்விலெனிடம் சொன்னேன், ‘முத்து’வைப் பட்டியலிலிருந்து எடு என்று.

“நம்மள நம்பச் சொன்னது யாரு நெவெனா? படிக்கிறவனுக்கு அறிவு வேணாமா?”

“நம்பச் சொன்னது நான்தான். பதினோரு தடவ சொல்லியிருக்கேன்.”

சிரித்தான். அவனைக் குறை சொல்லி என்ன, நான் போன மாதம் இந்தத் தாளில் எழுதியதைத்தான் அவன் வாயால் சொல்கிறான். அவன் சாப்பிடப் போன நேரத்தில் ‘முத்து’வைத் தூக்கிவிட்டு எட்டாவது அடையாளம் ஒன்றைச் சேர்த்தேன்: ‘போகிறேன் என்று நீங்கள் சொன்னால் மறிக்காமல் கதவைத் திறந்துவிடுகிற கடையா என்று பாருங்கள். அப்படி ஒன்று கிடைத்தாலும் உள்ளே போகாதீர்கள்.’

நாற்பது நிமிடம் இருந்தது. பிறகு அதையும் எடுத்துவிட்டான், என்னையும் அனுப்பிவிட்டான். ராதோஸ்லாவின் அஞ்சல்பெட்டிக் கடவுச்சொல்லை மாற்ற மட்டும் மறந்துவிட்டான். அவ்வளவுதான் அவன் சாமர்த்தியம்.

மார்ச் 26

சூதாட்டத்திலிருந்து தங்களைத் தாங்களே விலக்கிக்கொள்கிறவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் பெயர் கொடுத்தால் உரிமம் உள்ள எந்தக் கடையும் உள்ளே விடக்கூடாது. விண்ணப்பம் கொடுத்தேன், என் பெயரில். வாழ்க்கையில் ஒரு காசு வைத்து ஆடியதில்லை. எத்தனை வருடமாக என்று அலுவலக ஜன்னலில் இருந்த பெண் பரிவாகக் கேட்டாள். ஐந்து என்றேன்.

திரும்பி வந்து ராதோஸ்லாவின் கடைசிக் கடிதம் எழுதினேன். “தோஞ்சோ ஐயா, அந்தப் பணம் வராது. வரும் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பேங்குக்குப் போய் அந்தக் கார்டை முடக்குங்கள். இழந்ததைப் பிடிக்க வேறு கடைக்குப் போகத் தோன்றும். அதற்கு முன் பதிவேட்டில் பெயர் கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் கொடுத்திருக்கிறேன்.”

அதில் பொய் எதுவும் இல்லை. கீழே இருக்கும் பெயரைத் தவிர.

ஏப்ரல் 2

ஆற்றங்கரையில் நாரை. வழக்கப்படி நூலை அவிழ்த்துப் பிளம் மரத்தில் கட்டினேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

அவராகவே சொன்னார், தட்டைப் பார்த்துக்கொண்டே. “கராஜ்ல பாதி போச்சும்மா. சூதாடித்தான். இப்ப ஒரு பதிவேட்டுல பேரு குடுத்துட்டேன். ஒருத்தர் சொன்னார்.”

திட்டுவேன் என்று காத்திருந்தார். தோள்பட்டை அதற்குத் தயாராக இருந்தது. ஏதாவது பேசவேண்டுமே என்று, “கரண்ட் பில்லு அம்மா பேர்லயே இருக்கட்டும்பா, மாத்த வேணாம்” என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். சூப் ஊற்றினார்.

மே 6

புனிதர் கியோர்கி திருநாள். வழக்கப்படி அப்பா ஆட்டுக்குட்டி வறுத்திருந்தார். டயர் கடையிலேயே எனக்குக் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது, மாடியிலிருந்து கீழே இறங்கியதுதான் என் முன்னேற்றம். அதைச் சொல்லத்தான் போனேன்.

என் தட்டுக்குப் பக்கத்தில் மருந்துக்கடைத் துண்டுப்பிரசுரம் ஒன்று. மூட்டுவலிக் களிம்பு. நரைத்த தாடி, கனிவான கண், முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார் ராதோஸ்லாவ். கீழே பெயர் வேறு, டாக்டர் பட்டம் வேறு.

“தபால் பெட்டில கெடந்துச்சு” என்றார் அப்பா. “அப்ப இவரு இல்ல. என்கிட்ட எழுதினது யாரு?”

நான் ஆட்டிறைச்சியைப் பார்த்தேன்.

“கரண்ட் பில்லு விஷயம் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்.”

“ஏழுக்கு ஏழுன்னு போட்டதும் நான்தான்பா” என்றேன். “திட்டிருங்க. அடிக்கிறதுன்னாலும் அடிங்க.”

அவருக்குக் கோபம் இருந்தது, கத்தி பிடித்த கையில் தெரிந்தது. கராஜ் அவர் முப்பது வருடம் வைத்திருந்தது. பிறகு இறைச்சியை வெட்டி, நல்ல துண்டை என் தட்டில் போட்டார்.

“அந்தக் கடுதாசியில பேசினே பாரு,” என்றார், “அது மாதிரி என்கிட்ட நேர்ல பேசு. அது போதும்.”

தொண்டையைச் செருமிக்கொண்டு முயன்றேன். “மதிப்பிற்குரிய தோஞ்சோ ஐயா, உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள்.”

தள்ளினார்.