ஓவல் வாசலில் கிடைத்த ரிக்கெற்

உ

மிட்சம், லண்டன்
11.08.1991

அன்பு மகள் பத்மலோஜினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே ரொறொன்ரோவில் உனக்கும் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். அம்மாவின் முழங்கால் முந்தியைவிடப் பரவாயில்லை, டொக்டர் நடக்கச் சொன்னால் நடக்கமாட்டாள், ஸ்ட்ரெதமில் சேலை மலிவு என்று கேள்விப்பட்டால் மட்டும் எனக்கு முன்னால் போய் நிற்பாள். பின்வளவில் நான் நட்ட பயற்றங்கொடி இந்த முறை நன்றாகக் காய்த்திருக்கிறது, பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவுக்கும் ஒரு பிடி கொடுத்தோம். இதையெல்லாம் நான் இழுத்துக்கொண்டு போவது எழுதவேண்டியதை எழுத வெட்கமாக இருப்பதால்தான் என்பது உனக்கு விளங்கியிருக்கும்.

பெனடிக்ற் என்ற அந்த மன்னார்ப் பெடியனைக் கட்ட விரும்புகிறேன் என்று நீ எழுதி நாலு மாதமாகிறது. அதற்கு நான் ஒரேயொரு கடிதம்தான் போட்டேன், அதுவும் கடிதமில்லை, சன்னதம் வந்து ஆடிய ஆட்டம். பேஸ்போல் மைதான வாசலில் உள்ளே போக ரிக்கெற் கிடைக்காமல் நின்ற உனக்கும் உன் சிநேகிதிக்கும் அவன் தன்னிடம் மிஞ்சியிருந்த இரண்டைச் சும்மா கொடுத்தான், அப்படித்தான் பழக்கமானோம் என்று நீ உள்ளதை உள்ளபடி எழுதினாய். நானோ, முன்பின் தெரியாதவன் நீட்டுகிற ரிக்கெற்றைக் கைநீட்டி வாங்குவதற்கா உன்னைப் படிப்பித்தேன் என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ ரெலிபோனில் அம்மாவுடன் மட்டும்தான் கதைக்கிறாய். நான் எடுத்தால் சுகமா அப்பா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். நீ அப்படிச் சொல்லும் ஒவ்வொரு முறையும் உன்னோடு கதைக்க ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் வீம்பு விடவில்லை.

இனி நேற்று நடந்ததைக் கேள். ஓவல் கிரிக்கெற் மைதானத்தில் வெஸ்ட் இண்டீஸ் விளையாடுகிறது. லண்டனுக்கு வந்து ஆறு வருடமாகியும் ஒரு மட்ச் நேரில் பார்த்ததில்லை, தியாகராஜா தன் கடையில் எனக்குச் சனிக்கிழமை லீவு தந்ததே அதிசயம். சவரம் செய்து, கழுத்தில் ரை கட்டி, குடையும் எடுத்து, அம்மா கட்டித் தந்த இடியப்பப் பார்சலோடு போனேன். வாசலில் ரிக்கெற் வாங்கலாம் என்ற நினைப்பு. போனால் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதாம். உள்ளே சனம் ஆரவாரம் செய்கிறது, நான் மதிலைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறேன். திரும்பிப் போனால் அம்மா சிரிப்பாளே என்றுதான் நின்றேன். சட்டைப்பையில் இன்னொரு கடிதமும் இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன். எட்மண்டனில் இருக்கும் என் பழைய சிநேகிதர் கணேசலிங்கத்தின் மனைவி மன்னாரில் படிப்பித்தவர், ஆகவே அந்தப் பெடியனின் குடும்பத்தைப் பற்றி விசாரித்து எழுதச் சொல்லிக் கணேசலிங்கத்தைக் கேட்டிருந்தேன். பதில் வெள்ளிக்கிழமைத் தபாலில் வந்தது. அம்மாவின் கண்ணில் படாமல் மைதானத்தில் ஆறுதலாக வாசிக்கலாம் என்று கொண்டுபோனேன்.

அப்போது வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கறுப்பு மனிதர், என் வயதிருக்கும், நேரே என்னிடம் வந்து ரிக்கெற் இல்லையா என்று கேட்டு ஒன்றை நீட்டினார். மகனுக்கு எடுத்ததாம், அவனைத் திடீரென்று ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். காசு வேண்டாம் என்றுவிட்டார். உன் அப்பா என்ன செய்தேன் தெரியுமா? கைநீட்டி வாங்கினேன். வாங்கும்போது உன் ஞாபகம் வரவேயில்லை, உள்ளே போய் இருந்து அந்தப் பச்சைப் புல்லைப் பார்த்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வந்தது. அவருக்குப் பக்கத்து இருக்கை, என் வாய் சும்மா இருக்குமா, எந்த ஊர் என்றேன். பார்படோஸ் என்றார். அங்கே எவ்விடம், தகப்பன் என்ன செய்தவர், மனைவியும் அதே இடமோ, மகளைக் கட்டியவன் எந்தப் பகுதி, இப்படி ஓவருக்கு ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன மனிதர், நான் பாட்டன் வரைக்கும் போனதும் திரும்பிப் பார்த்து, இவ்வளவு விசாரிக்கிறீரே, எனக்குப் பெண் தரப்போகிறீரா, எனக்கு இருக்கிற ஒரு மனைவியே போதும் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். முன்வரிசைக்காரரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் பையில் கிடந்த கடிதம் சுட்டது. நீர் ஏன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, வாசலில் இத்தனை பேர் நிற்க எனக்கு ஏன் தந்தீர் என்று கேட்டேன். ரை கட்டிக்கொண்டு ஒருவர் வெயிலில் நின்றார், உள்ளே வர ஆசை என்று முகத்தில் தெரிந்தது, வேறென்ன தெரியவேண்டும் என்றார். மத்தியானம் இடியப்பத்தைப் பிரித்து வைத்தேன். இது என்ன என்றுகூடக் கேட்காமல் சம்பலோடு சாப்பிட்டார், உறைப்பில் கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எடுத்தார்.

மகளே, நாலு மாதமாக அந்தப் பெடியனைப் பற்றி ஊரெல்லாம் கேட்டேன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனோடு இருக்கும்போது நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று நான்தான் முதலில் கேட்டிருக்கவேண்டும். பிழை விட்டுவிட்டேன், அந்தக் கடிதத்தை நினைத்து வருந்துகிறேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். “அப்ப உங்களுக்கொரு நியாயம், பிள்ளைக்கொரு நியாயமோ?” என்று கேட்டவள், “கோயிலிலை தாலி கட்டட்டும், சேர்ச்சிலை மோதிரம் மாத்தட்டும், எங்களுக்கு ரண்டு சாப்பாடு” என்கிறாள். சமயம் வேறு என்பதில் எனக்கு இன்னும் மனக்கஷ்டம் இல்லாமல் இல்லை, உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதை நாலு பேரும் ஒரு மேசையில் இருந்து கதைப்போம். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு இரண்டு பேரும் வாருங்கள். அவனுடைய தாய் தகப்பனின் விலாசத்தை அனுப்பு, பெண் வீட்டார் நாங்கள்தான் முதலில் எழுதவேண்டும்.

கணேசலிங்கத்தின் கடிதத்தை நான் உடைக்கவில்லை. ஒட்டியது ஒட்டியபடி இத்துடன் வைத்திருக்கிறேன். நாள் முழுக்கப் பையில் கிடந்ததால் கொஞ்சம் கசங்கியிருக்கும். வாசிப்பதோ கிழிப்பதோ உன் விருப்பம், எனக்கு அதில் உள்ளதைச் சொல்லவேண்டாம். குளிர் தொடங்க முன் காலுக்கு நல்ல சப்பாத்து வாங்கு. முருகன் உங்கள் இருவரையும் காக்கட்டும். அடுத்த ஞாயிறு ரெலிபோன் எடு, அம்மா தூக்கினால் என்னிடம் கொடுக்கச் சொல்.

இங்ஙனம்,
ரிக்கெற் வாங்கிய குற்றத்தில் உனக்குக் கூட்டாளியான அப்பா
க. அம்பலவாணன்