எந்தக் கம்பெனிக் கத்தரி

மார்ச் 3, செவ்வாய்

பள்ளி அலுவலகத்தில் மதிய இடைவேளை முழுவதும் மின்கத்தரிகளைப் பற்றியே படித்தேன். செடி, கிளைகளை நறுக்கும் கவாத்துக் கத்தரியில் இத்தனை வகை உண்டென்று போன மாதம் வரை எனக்குத் தெரியாது. இருபது வருடம் தோட்டம் தோட்டமாகக் கைக்கத்தரியை அமுக்கி என் வீட்டுக்காரருடைய வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது. இனி பேட்டரியில் ஓடுவதுதான்.

இரண்டு கம்பெனியில் வந்து நிற்கிறது. நீலக் கம்பெனியுடையது எடை குறைவு. அவருடைய மற்றச் சாமான்களுக்கு இருக்கும் நீல பேட்டரிகளே இதற்கும் போதும். சாம்பல் கம்பெனியுடையது கனம், பேட்டரி வேறு, சார்ஜரும் வேறு.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீலம்தான்" என்கிறார்.

மார்ச் 4, புதன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். போன மாதம் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வெறும் இடது கையால் பிடித்துக்கொண்டு, என்னோடு பேசியபடி நின்றார். "கீழ வைங்க" என்று நான் கத்தியபோதுதான் குனிந்து பார்த்தார். கழுத்தில் நரம்பு நசுங்கி இடது கை விரல்களில் உணர்ச்சி போய்விட்டது என்றார் டாக்டர். திரும்புமா என்றேன். "பார்க்கலாம்" என்றார். டாக்டர்கள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வலது கை விசையை அழுத்தும். இடது கை கிளையைப் பிடித்திருக்கும். கட்டைவிரல் கனமுள்ள கிளை அரை நொடியில் துண்டாகும். கிளைக்கும் விரலுக்கும் வித்தியாசம் கத்திக்குத் தெரியாது. இப்போது விரலுக்கும் தெரியாது.

சாம்பல் கத்தரி தோலில் பட்டால் நின்றுவிடுமாம்.

மார்ச் 7, சனி

கடைக்குப் போனோம். இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். "இந்தக் கனத்தை நாள் பூரா தூக்கினா, இருக்கிற மணிக்கட்டும் போயிடும்."

கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, அக்கா முகத்தைப் பாத்தா முடிவு பண்ணிட்டாங்கன்னு தெரியுது. நீங்க ஏன் வாயைத் திறக்கறீங்க?"

"கல்யாணமான நாள்லேருந்து எங்க திறந்தேன்?"

தோலில் பட்டால் நிற்கும் விஷயத்தைக் கடைக்காரர் விளக்கியபோது மட்டும் இவர் குரல் மாறியது. "என் விரல் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" நான் அலமாரியில் தொங்கிய ரம்பங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறத்தியார் முன்னால் எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சாம்பலையே குடுங்க" என்றார்.

சாயங்காலம், பிடி வழுக்குகிறது என்று பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக நறுக்கிச் சுற்றினார். அவருடைய எல்லாச் சாமானுக்கும் அந்தக் கறுப்புச் சட்டை உண்டு. ஒரு முனையை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த வேலை.

மார்ச் 11, புதன்

மூன்று நாளாக வேலைக்குப் போகிறார். மூன்று நாளாக அலுவலகத்தில் போன் அடித்தால் நான் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மார்ச் 12, வியாழன்

அவர் வேலைக்குப் போயிருந்த தோட்டத்துக்காரம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார். "பதறாதம்மா. உன் வீட்டுக்காரர் கையில ரத்தம் சொட்டுது. அவர் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே இருக்கார். நான் சொல்லித்தான் அவருக்கே தெரிஞ்சுது."

இடது கை ஆள்காட்டி விரல். நகத்தோடு நுனி போய்விட்டது. அதற்குப் பிறகும் மூன்று கிளை வெட்டியிருக்கிறார்.

மார்ச் 13, வெள்ளி

ஏன் நிற்கவில்லை? கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். சண்டை போடத்தான் கூப்பிட்டேன்.

"அக்கா, பிடியில உலோகப் பட்டை ஒண்ணு இருக்கும். உள்ளங்கை அதுல பட்டாத்தான் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யும். மேல எதையாவது சுத்தினீங்களா?"

போனை வைத்துவிட்டேன்.

கையேட்டில் பதினான்காம் பக்கம். படத்தோடு போட்டிருக்கிறான். எந்தக் கம்பெனி நல்லது என்று நாற்பது பேர் எழுதியதைப் படித்தேன். வாங்கியதற்கு வந்த கையேட்டைப் பிரிக்கவில்லை. படித்தவளாம்.

மார்ச் 15, ஞாயிறு

டியூப் சுற்றியதால்தான் கத்தரி நிற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். டியூபின் முனையைப் பிடித்தது நான்தானே என்றேன்.

"சுத்தினது நான், பிடிச்சது நீ. ஆளுக்குப் பாதி வச்சுக்கலாம்" என்று கட்டுப்போட்ட கையை ஆட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போதும், விட்டுடுங்க இந்த வேலையை" என்று சொல்லியேவிட்டேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "சரி, விட்டுடறேன். காலைல எழுந்து நான் என்ன பண்ணட்டும்? நீ சொல்லு, அதைப் பண்றேன்." வம்புக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு கம்பெனியைப் பற்றி என்னை எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவர் கேட்டது இதை. எழுந்துபோய்த் துணி மடித்தேன்.

மார்ச் 19, வியாழன்

டியூபை அறுத்து எடுத்தேன். அவர் தடுக்கவில்லை.

ஏப்ரல் 25, சனி

இப்போதெல்லாம் சனிக்கிழமை மட்டும்தான் வேலை. எனக்கு விடுமுறை அன்றுதானே. அவர் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும், கிளையை நான் பிடிப்பேன். அதுதான் பேச்சு.

இந்த முறை கையேட்டை முழுசாகப் படித்தேன். கத்தரியைப் பிடித்திருப்பவரின் தோலுக்குத்தான் அது நிற்கும். என் கை அதற்கு இன்னொரு கிளைதான். அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதனால் இன்று காலை ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால், "கை?" என்றார். "தள்ளி இருக்கு" என்றேன். அதன் பிறகுதான் விசையைத் தொட்டார். ஆறு செடி அப்படியே போயிற்று.

ஏழாவது செடியில் பழைய வேகம் வந்துவிட்டது. எந்தக் கணுவுக்கு மேல் வெட்டுவது என்பதில் கண் போய்விட்டது, முகமே மாறிவிட்டது. எத்தனை மாதமாயிற்று அந்த முகத்தைப் பார்த்து. கேட்பதை மறந்துவிட்டார். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கேட்காமலே, "தள்ளி இருக்கு, தள்ளி இருக்கு" என்று கடைசிச் செடி வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.