தாத்தாவின் ராக்கெட் கதைகளை எழுதியது யார்?

ஜூன் 11, புதன்

விடியலிலிருந்து மழை. குழந்தை குட்டனின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் கொடி கட்டியாயிற்று. அவனுக்கு மூக்கடைப்பு. ஜுரம் இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்து அவனையும் எழுப்பிவிட்டேன்.

மதியம் சென்னையிலிருந்து ஒருவர். இளமாறன், சின்னப் பதிப்பகமாம். என் கணவர் ரமேஷின் தாத்தா அந்தக் காலத்தில் விஞ்ஞானக் கதைகள் எழுதினாராம், நின்றுபோன ஏதோ மாத இதழில். புத்தகமாகப் போட அனுமதி வேண்டுமாம். மிளகு கம்பெனிக் குமாஸ்தா தாத்தா! ராக்கெட்!

நம்பவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய வீடு என்றால் ஆளாளுக்கு ஒரு கதையோடு வருகிறார்கள். போன மாதம் வந்தவன் ஹோம்ஸ்டே என்றான். இவர் பேசும்போதெல்லாம் கூரையையே பார்த்தார். ஒழுகுவதைப் பார்த்தாராம்.

தாத்தாவிடம் கேட்டேன். "எழுதினேன். அதுக்கு இப்ப என்ன?" அவ்வளவுதான். தொண்ணூறு தாண்டியும் பேச்சில் சிக்கனம்.

இளமாறன் சாயா குடித்துவிட்டு பழைய இதழ்களின் நகல்களை வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் 12, வியாழன்

குட்டன் தூங்கும்போதெல்லாம் படித்தேன். இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தது தாத்தாவுக்கும் பொள்ளாச்சியிலிருந்து வந்த எனக்கும்தான். மாமனார் இருந்தவரை மலையாளம்தான் வாசித்தார். ரமேஷும் அப்படியே. அதாவது தாத்தாவின் கதையை அவர் பிள்ளையே படித்ததில்லை.

முதலில் தாத்தா வெறும் வாசகர். கடிதப் பகுதியில் சண்டை: "சந்திரனில் காற்றில்லையே ஆசிரியரே, உங்கள் வீரன் யாருக்கு விசில் அடித்தான்?" இப்படி வேறு ஊர்களிலும் சிலர். ஒருவர் ராக்கெட்டில் ஒருவர் ஓட்டை கண்டுபிடித்துத் தபால் கார்டு போடுவது. அதுதான் நட்பு. பிறகு இவரே கதை எழுத ஆரம்பித்திருக்கிறார்.

பெரும்பாலும் சுமார். எல்லோரும் நின்ற இடத்தில் விஞ்ஞானம் பேசுகிறார்கள்.

ஒன்று மட்டும் வேறு மாதிரி. விண்கலத்தில் ஒரு தாயும் கைக்குழந்தையும். பால் கீழே விழாது, மிதக்கும். துணித்திரியை நனைத்துச் சப்பக் கொடுக்கிறாள். குழந்தையின் இடுப்பிலிருந்து தன் கணுக்காலுக்குக் கயிறு. ஜுரம் வருமுன் உச்சந்தலை வாசனை மாறுவதை முகர்ந்து தெரிந்துகொள்கிறாள்.

படித்ததும் குட்டனின் தலையை முகர்ந்தேன். நானும் அப்படித்தான். யாரிடமும் சொன்னதில்லை, சிரிப்பார்கள்.

இதை ஆண் எழுதவில்லை.

ஜூன் 14, சனி

யோசிக்க யோசிக்கச் சந்தேகம் கூடுகிறது.
- தாத்தா குட்டனைத் தொட்டதே இல்லை. கொண்டுபோனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.
- ரமேஷ் குட்டனின் அப்பாதான், ஒரே கட்டில்தான். குட்டன் எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்குவான்? தெரியாது.
- கூடத்தில் பாகீரதிப் பாட்டியின் படம். வாயை இறுக்கி மூடியிருக்கிறாள்.

ரமேஷிடம்: "பாட்டி எழுதுவாங்களா?"
"நான் பிறக்கும் முன்னாடியே போயாச்சு. எனக்கெப்படி அறியும்? நீ உறங்கு."

தாத்தாவிடம்: "அந்தக் கதையில வர்ற அம்மா யாரு தாத்தா?" டம்ளரைக் கீழே வைத்தார். "யாருமில்ல." உடனே இருமல். "போ, குட்டனை எடுத்துட்டுப் போ." விரட்டியே விட்டார். எதையோ மறைக்கிறார்.

இளமாறனை அழைத்துச் சொல்லிவிட்டேன். எழுதியது பாட்டி, தாத்தா தன் பெயரைப் போட்டுக்கொண்டார் என்று. "மேடம், இது பெரிய விஷயம்!" என்றார். ஊகம்தான் என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் நினைவு.

ஜூன் 16, திங்கள்

இளமாறன் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். 'கணவன் பெயருக்குள் புதைக்கப்பட்ட பெண் எழுத்தாளர்.' கீழே ஊரே திரண்டு தாத்தாவைத் திட்டுகிறது. திருடன். கிழவன் உயிரோடு இருந்தால் மன்னிப்புக் கேட்கட்டும். படிக்கும்போது கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ரமேஷுக்கும் சேர்த்து விழுந்தது போல.

மூன்று மணிக்குப் பள்ளுருத்தி அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினாள். தாத்தாவின் மூத்த மகள். யாரோ அவளுக்கு அனுப்பி, வாசித்தும் காட்டியிருக்கிறார்கள். குடையை மடக்கவில்லை.

"யாருடி சொன்னா அம்மை எழுதினான்னு?"
"கதையைப் படிச்சா தெரியுது அத்தை. குழந்தை வளர்த்தவங்கதான்..."
"வளர்த்தது யாரு? அம்மையா? தம்பியைப் பெத்த கையோட அம்மைக்கு டிபி. சானடோரியத்துல கிடந்தா. குஞ்ஞைக் கண்ணால காட்டக்கூட டாக்டர் விடல. திரியில பால் கொடுத்தது அப்பா. தம்பி இடுப்புல ஒரு கயிறு, அப்பா கால்ல ஒரு கயிறு. அப்படித்தான் எழுதுவாரு. நான் கண்டதாக்கும்."

தம்பி என்றால் என் மாமனார்.

"அப்ப குட்டனை ஏன் தொடமாட்டேங்கறார்?"
"ரமேஷைத் தொட்டாரா? அம்மை போனப்புறம் அவருக்கும் இருமல் பிடிச்சுது. டிபி இல்லைன்னு எத்தனை டாக்டர் சொல்லியும் அந்தப் பேடி, அந்தப் பயம் போகல. குஞ்ஞு பக்கத்துல மூச்சு விடமாட்டார். உனக்கு இது தோணலியா? காலேஜெல்லாம் படிச்ச பொண்ணு!"

தோணவில்லை. ஒரு தகப்பன் அப்படி இருப்பான் என்று தோணவே இல்லை.

அத்தை தாத்தாவைப் பார்க்காமலே போனாள். "நீயே சொல்லு," என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

மழை விட்டிருந்தது. குட்டனைத் தூங்கவைத்துவிட்டு தாத்தாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"திருடன்னா எழுதியிருக்கான்?" சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. முதுகைத் தடவிவிட்டேன்.

"பாகீரதி பேர்லேயே வரட்டும். அவ அந்தக் கதையைக் கேட்டதே சானடோரியம் கட்டில்ல கிடந்துதான். பிள்ளை எப்படி இருக்கான்னு அவளுக்குத் தெரியணும்னுதான் எழுதினேன். வாரா வாரம் அங்க வாசல்ல நின்னு வாசிச்சேன்."

போனை எடுத்து இளமாறனின் எண்ணைத் தேடினேன்.

திடீரென்று தாத்தாவின் முகம் மாறியது. "நில்லு. வேற ஒரு கதையில செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரே சந்திரன்னு எழுதிட்டேன். ரெண்டு. கார்டு கார்டா வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுவும் அவ தலையிலயா விழும்? வேண்டாம், வேண்டாம். என் பேரையே போடச் சொல்லு. இப்பவே கூப்பிடு."

அவர் எதிரிலேயே இளமாறனை அழைத்தேன். நான் சொன்னது தப்பு, எழுதியது தாத்தாதான், பதிவை எடுத்துவிடுங்கள் என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ கதவைச் சாத்தும் சத்தம். பிறகு, மிக மெதுவாக:

"மேடம், பக்கத்துல யாராவது இருக்காங்களா? மிரட்டினாங்களா? விளக்க வேண்டாம். நான் கேட்கறதுக்கு 'ஆமா'ன்னு மட்டும் சொல்லுங்க."

தாத்தா காதருகே கையைக் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"என்ன சொல்றான்? செவ்வாயைத் திருத்தறானா?"